முதலில் வெளியேறுகிறவன்

ஐஸ் ஹாக்கி ஆட்டம் இரவு ஏழரை மணிக்குத் தொடங்குகிறது என்றொரு நம்பிக்கை பரவலாக நிலவுகிறது. நுழைவுச்சீட்டில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள், தொலைக்காட்சியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், நன்றாகப் படித்தவர்கள்கூட அதை ஏற்றுக்கொண்டு சரியாக ஏழே காலுக்கு இருக்கையில் வந்து உட்காருகிறார்கள். இதைத் திருத்தாமல் நான் கண்மூடினால் அது மனிதகுலத்துக்குச் செய்யும் துரோகம். கோல்கீப்பரைப் பொறுத்தவரை ஆட்டம் அன்று காலை பதினொன்றே காலுக்கு முடிந்துவிடுகிறது. ஆட்ட நாள் காலையில் அணி அரைமணி நேரம் மெல்லப் பயிற்சி செய்யும். இரண்டு கோல்கீப்பர்களும் தளத்தின் இரண்டு முனைகளில் நிற்பார்கள். பயிற்சி முடியும் நேரத்தில் இருவரில் ஒருவன் முதலில் பனித்தளத்தைவிட்டு வெளியேறுவான். அன்றிரவு நிற்கப்போகிறவன் அவன். மற்றவன் கடைசிவரை இருப்பான், அணியில் தெரிவாகாத ஆட்டக்காரர்கள் தங்கள் கவலை தீரும்வரை அவன்மீது பக்குகளை அடித்துத் தள்ளுவார்கள், பிறகு இரவில் அவன் தொப்பி போட்டுக்கொண்டு அணியினர் உட்காரும் நீள வாங்கின் ஓரத்தில் அமர்ந்து, ஆட்டக்காரர் உள்ளே வரவும் வெளியே போகவும் சின்னக் கதவைத் திறந்துவிடுவான். இதை யாரும் அறிவிப்பதில்லை. கோச் சொல்வதில்லை, பலகையில் எழுதுவதில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வானொலிக்காரப் பெண் மாரா நின்று யார் முதலில் போகிறார்கள் என்று பார்ப்பாள், பார்த்ததைச் சொல்வாள், ஊர் தெரிந்துகொள்ளும். இப்போது கூரையில் தொங்கும் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொரு நாளாக நான்தான் கடைசியாக வெளியேறுகிறவன்.

பக் வருகிறது, நெஞ்சில் படுகிறது, நழுவி விழுகிறது, மட்டையால் ஓரத்துக்குத் தள்ளுகிறேன். அடுத்தது. கறுப்பு ரப்பர் வட்டு, நூற்று எழுபது கிராம். ஆட்டத்துக்கு முன் துள்ளாமலிருக்க அதை உறைபெட்டியில் வைப்பார்கள், பயிற்சிக்கு அந்த மரியாதை கிடையாது, அதனால் இவை துள்ளுகின்றன, பழகாத நாய்க்குட்டிகள்போல எந்தப் பக்கம் பாயும் என்று தெரிவதில்லை. அடுத்தது. இடது கால் கவசத்தில் டப்பென்று பட்ட சத்தம் நல்ல சத்தம், பழைய தலையணையை அடித்தால் வரும் சத்தம். அறுபது அடி தள்ளி மறுமுனையில், இல்லை, அறுபது இல்லை, கோடுகளுக்கிடையே நூற்றெழுபத்தெட்டு அடி, தவறான எண்ணை மண்டைக்குள்கூட விடக்கூடாது, அங்கே யூஹோ நிற்கிறான். பின்லாந்துக்காரன், இருபத்து நான்கு வயது, ஆறடி ஐந்து அங்குலம், முழங்காலை மடித்துக் கீழே விழுந்தபிறகும் கோலின் மேல்கம்பிக்குக் கொஞ்சம் கீழேதான் அவன் தோள் இருக்கிறது. நான் ஐந்தடி பதினொன்று. நான் விழுந்தால் மேலே ஒரு ஜன்னல் திறக்கிறது. அந்த ஜன்னலைப் பதினாறு வருடமாகக் கையால் மூடி வருகிறேன். நல்ல பையன், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். உண்மையில் அவன் கூப்பிடுவது ‘தில்லி’ என்று. தில்லையம்பலம் என்ற பெயர் சட்டையின் முதுகில் ஒரு அக்குளில் தொடங்கி மறு அக்குளில் முடிவதைப் பார்த்து முதல் அணியிலேயே அதை வெட்டிவிட்டார்கள், ஹாக்கியில் எல்லாரையும் இகரத்தில் முடித்தால்தான் கூப்பிட வாய் வரும். ஆனால் என் மண்டைக்குள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள். பின்லாந்துக்காரன், கியூபெக்காரன், கோதுமை வயலிலிருந்து வந்த கோச், எல்லாரும். வீட்டில் கேட்ட பாஷையில்தான் மனம் கேட்கும்போல, நான் தடுத்ததில்லை, தடுப்பது என் தொழில் என்றாலும்.

நேற்றுப் பின்னேரமும் அப்படித்தான். கோச் மக்ஃபீ தன் அறைக்குக் கூப்பிட்டார். “இரும் ஐசே,” என்றார். இருந்தேன். “உமக்கு எத்தினை வயசு?” முப்பத்தைந்து என்றேன். “கடுதாசியில முப்பத்தாறு எண்டு கிடக்கு.” கடுதாசிக்கு அவசரம், எனக்கு அடுத்த மாதம்தான் என்றேன். சிரிக்கவில்லை. சிரிக்காத கோச் நல்ல செய்தி வைத்திருக்கமாட்டார், அதிலும் மக்ஃபீ தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகுகூடச் சிரிக்கிற ஆள். ஒரு தாளைத் தள்ளினார். “நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள பேர்ப்பட்டியல் அனுப்போணும். மேல இருக்கிறவைக்கு உம்மட இடம் வேணும். இதில கையெழுத்து வையும், நாளண்டையிலயிருந்து நீர் கோல்கீப்பர் கோச். கோட்டுப் போட்டுக்கொண்டு சூடா நிக்கலாம்.” வைக்காவிட்டால் என்று கேட்டேன். “வைக்காட்டிப் பட்டியலில இருந்து வெட்டுவினம். கோட்டும் இல்லை.” நாளைக்கு யார் நிற்கிறது என்று கேட்டேன். அது கேட்கக்கூடாத கேள்வி, காலையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, அவரும் முகம் சுளித்தார், ஆனாலும் சொன்னார், யூஹோ. யோசிக்கிறேன் என்றேன். “யோசியும். ஆனா யோசிச்சுக்கொண்டே கையெழுத்தை வையும்.” தாள் இப்போது உடைமாற்றும் அறையில் என் தட்டில் இருக்கிறது, மேலே ஒரு பேனையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விருந்தாளிக்குத் துவாய் வைப்பதுபோல. இரவு முழுக்க நான் யோசித்தது கையெழுத்தைப் பற்றி அல்ல, ஒரு சின்னத் தர்க்கத்தைப் பற்றி. இன்றிரவு நிற்கிறவனைப் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலிலிருந்து வெட்ட முடியாது. பட்டியலில் இல்லாதவன் நிற்க முடியாது. ஆகவே நிற்கிறவன் இருக்கிறான். இதைத் தர்க்க நூல்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, படுக்கையில் மல்லாந்து கிடந்தவனுக்கு அது நன்றாகவே நிற்பதாகத் தோன்றியது.

அடுத்தது வருகிறது, வலது கால், தள்ளினேன். இடுப்பு ஒரு சொல் சொன்னது. இரண்டு தடவை வெட்டித் திறந்து எலும்பைச் சுரண்டிய இடுப்பு, குளிர் காலையில் கதைக்கத் தொடங்கிவிடும். முழங்காலை உள்ளே மடக்கி விழுவதற்கு மனித இடுப்பு செய்யப்படவில்லை என்று சத்திர வைத்தியர் சொன்னார். நான் அவரிடம் மனித இடுப்பு நாற்காலிக்காகவும் செய்யப்படவில்லை, உங்களுடையதைப் பாருங்கள் என்றேன். அவர் அடுத்த தடவை கூடுதல் கவனத்தோடு சுரண்டினார். வலியைப் பற்றி ஒரு தவறான கருத்து இருக்கிறது, அதாவது கோல்கீப்பர் வலிக்குப் பயப்படமாட்டான், பக்குக்குப் பயப்படமாட்டான், துணிச்சல்காரன் என்று. பக்குக்கு யாரும் பயப்படுவதில்லை, உடம்பெல்லாம் இருபது கிலோ பஞ்சும் பிளாஸ்டிக்கும், தெருவில் பஸ் மோதினால்கூட முதலில் மன்னிப்புக் கேட்பது பஸ்ஸாகத்தான் இருக்கும். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள், பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட. ஆசிரியை என்னை அறிமுகப்படுத்தினார். இவர் பெரிய லீக்கில் விளையாடியவர் என்றார். விளையாடியவர். அந்த ஒரு சொல் கடவாய்ப்பல்லில் சிக்கிய நார்போல இன்றுவரை நாவுக்கு அகப்படுகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள், செத்தவனுக்குத் தட்டுவதுபோல இருந்தது, செத்தவனுக்கு யாரும் தட்டமாட்டார்கள், எனக்குத் தெரியும், ஆனாலும்.

பதினொன்று அடிக்கிறது. அடிக்கவில்லை, எண் மாறுகிறது, அவ்வளவுதான். பெரிய லீக்கில் நான் விளையாடியது பதினொரு நிமிடமும் நாற்பது நொடியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன். அவர்களுடைய ஒரு கோல்கீப்பருக்குத் தொடை கிழிந்தது, மற்றவர் ஓடுகிற வயிற்றோடே நின்றார், என்னை விமானத்தில் ஏற்றினார்கள், இரண்டு நாள் தொப்பியோடு இருந்தேன், மூன்றாம் நாள் ஆறுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தபோது அங்கிருந்த கோச் திரும்பிப் பார்க்காமலே விரலால் என்னைக் காட்டினார். என்னையா அல்லது எனக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் போத்தலையா என்று ஒரு நொடி யோசித்தேன். போத்தலை எடுத்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கு வேறு மனிதன். போனேன். மூன்று பக் வந்தது. முதலாவது நெஞ்சு. இரண்டாவது கால், தெறித்ததையும் அமுக்கினேன். மூன்றாவது. மூன்றாவதை விடுவோம். மூன்றில் இரண்டு, அறுபத்தாறு புள்ளி ஏழு சதவீதம், எந்தப் பரீட்சையிலும் நல்ல தேர்ச்சி, என் தொழிலில் வீட்டுக்குப் போகும் வழி. பதினெட்டாயிரம் பேர் இருந்தார்கள், பாதிப்பேர் ஏற்கெனவே கார்த் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார்கள், ஆகவே ஒன்பதாயிரம். மூன்றாவதற்கு நான் அரையடி முன்னால் நின்றிருக்க வேண்டும். அரையடிதான். அடித்தவனின் தோள் திறந்திருந்தது, நான் பார்த்தேன், பார்த்ததையும் பார்த்தேன், அதுதான் பிழை, பார்க்கிறோம் என்று தெரிந்தால் கால் நின்றுவிடும். முழங்கால்களுக்கு நடுவால் போனது. பின்னால் வலை அசைந்த சத்தம், சத்தமே இல்லை, ஒன்பதாயிரம் பேரின் சத்தத்தில் அது எனக்கு மட்டும் கேட்டது. விடுவோம் என்றேனல்லவா.

“தில்லி, நித்திரையோ?” இது கோர்டி, அணித் தலைவன், கியூபெக்காரன், முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறான். அவன் அடித்தது தோளுக்குப் பக்கத்தால் போய்க் கம்பியில் பட்டு டங்கென்றது. கம்பியில் பட்டது கணக்கில் வராது, கம்பி என் பக்கத்து ஆள். “கண்ணை மூடிக்கொண்டே உன்ரையைப் பிடிப்பன், கோர்டி. நீ அடிக்கேக்க முதல் மூச்சு விடுறாய், வயசுபோன குதிரை மாதிரி.” “அப்ப மூச்சை அடக்கி அடிக்கிறன்.” அடக்கி அடித்தான். கவ்வினேன். தோல் உள்ளங்கையில் சப்பென்றது, அந்தச் சப், முப்பத்தைந்து வயதில் உலகத்தில் எனக்கென்று மிச்சமிருக்கிற சத்தம் என்று சொன்னால் மிகை, ஆனால் அதிகம் மிகையில்லை. கோர்டி மட்டையை உயர்த்தி வணக்கம் வைத்துவிட்டு வரிசையின் வாலுக்குப் போனான். கையுறைக்குள் நாற்றம், வியர்வையும் ஈரத் தோலும் ஏதோ பழைய கடலும். இந்த நாற்றத்தோடு இருபத்தாறு வருடம். அம்மா என் சாமான் பையை ஒருநாளும் வீட்டுக்குள் விடவில்லை, பல்கனியில் வைத்தோம், மேல்மாடி மனுசி முறைப்பாடு கொடுத்தாள்.

அம்மாதான் எல்லாவற்றுக்கும் காரணம், அதிலும் ஒரு சுத்தமான கணிதக் காரணம். பருத்தித்துறையில் கணக்கு ரீச்சர், ஸ்கார்பரோவில் கேக் தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிற வேலை, கணக்கை மட்டும் விடவில்லை. ஒன்பது வயதில் என்னைப் பனிச்சறுக்குத் தளத்துக்குக் கூட்டிப்போனபோது, அங்கிருந்த சங்கத்துக்காரர் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் சாமான்களைத் தாங்களே வாங்க வேண்டும், கோலில் நிற்கிற பிள்ளைக்கு மட்டும் சங்கமே கொடுக்கும், ஏனென்றால் அதற்கு யாரும் வருவதில்லை என்றார். அம்மா அதைத் திரும்பச் சொல்லச்சொல்லிக் கேட்டார். “அப்ப அவன் அதில நிக்கட்டும்.” தெய்வம் கூப்பிட்டது, சின்ன வயதிலேயே உள்ளே ஒரு குரல் கேட்டது என்றெல்லாம் பேட்டி கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கேட்ட குரல் இதுதான். அப்பா இரவு வேலை முடிந்து விடிய ஐந்தரைக்கு என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காரிலேயே உறங்குவார், அவர் என் ஆட்டம் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை, ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் வந்தவர். அம்மா இப்போது தன் ஐபேட்டில் பார்க்கிறார், நிபந்தனையோடு. நேற்று இரவு தொலைபேசியில், “நாளைக்கு நிக்கிறியோ?” பார்ப்போம் என்றேன். “பாப்பம் எண்டா இல்லையெண்டு. நிண்டாச் சொல்லு, பாக்கிறன். கதவு திறக்கிறதெண்டா நான் நாடகம் பாக்கப்போறன், அதிலயும் கதவு திறக்கினம்.” கோச் வேலை தருகிறார்கள் என்று சொன்னேன். “நீ அதுக்கு என்ன சொன்னனி?” யோசிக்கிறேன் என்றேன். “யோசிக்கிறதுக்கு அதில என்ன கிடக்கு? ரீச்சிங் நல்ல வேலைதான். நான் அதை விட்டிட்டுத்தான் பெட்டி மடிச்சனான். விடச் சொன்ன ஆளை எனக்கு இண்டைக்கும் பிடிக்காது.” அது யார் என்று நான் கேட்கவில்லை. அப்பாவாக இருக்கலாம். நாடாகவும் இருக்கலாம்.

பதினொன்று ஐந்து. மூச்சு முகக்கவசத்துக்குள் ஈரமாகத் திரும்பி வருகிறது. பதினாறு வயதில் வடக்கே ஒரு சுரங்க ஊருக்கு விளையாடப் போனேன், முப்பத்தெட்டுப் பாகை குளிர், பூச்சியத்துக்குக் கீழே, ஒரு குடும்பம் என்னை வீட்டில் வைத்துச் சாப்பாடு தந்தது, அவர்கள் உருளைக்கிழங்கை மசித்து வெள்ளையாக வைப்பார்கள், நான் மருந்துக் குப்பியில் மிளகாய்த்தூள் கொண்டுபோய் மேசைக்குக் கீழே வைத்துக் கொட்டுவேன், மூன்று மாதம் அந்த வீட்டுக்காரி எனக்கு ஏதோ தீராத வியாதி என்று நினைத்துத் தேவாலயத்தில் ஜெபம் செய்தாள். பதினெட்டில் பெரிய அணிகள் புது ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பெயர் வாசிக்கும் நாள், இருநூறுக்கு மேல் பெயர் வாசித்தார்கள், நான் எல்லாவற்றையும் கேட்டேன், கடைசிப் பெயரைக்கூட, அவன் இப்போது காப்புறுதி விற்கிறான். பிறகு தெற்கே, பஸ்ஸில் பதினாலு மணி நேரம் போகிற லீக், மாட்டுக் கண்காட்சி அரங்கில் பனி போட்டிருப்பார்கள், வெயில் நாளில் கீழிருந்து மாடுகளின் ஞாபகம் எழும்பும். அந்தப் பஸ்களில் அகராதியும் கலைக்களஞ்சியமும் வாசித்தேன், மற்றவர்கள் சீட்டாடினார்கள், ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்தால் இறுகும் என்று நான் ஒருநாள் விளக்கியபோது ஒருவன் எழும்பி இடம் மாறி உட்கார்ந்தான். பிறகு அந்தப் பதினொரு நிமிடம். பிறகு ஸ்லோவாக்கியா, அங்கே என் கோச்சுக்கு எனக்குத் தெரிந்த பாஷை ஒன்றும் தெரியாது, பிழை விட்டால் வந்து காதைக் கிள்ளுவார், என் வாழ்க்கையிலேயே நான் மிகத் தெளிவாகப் புரிந்துகொண்ட கோச். பிறகு ஜெர்மனியில் இரண்டாம் தரம், இடுப்பு, திரும்ப இடுப்பு, பிறகு இந்த ஏரிக்கரை ஊர். ஒன்பது அணி, ஐந்து லீக். ஒரு தாளில் எழுதினால் கீழ்நோக்கிப் போகிற படிக்கட்டுப்போலத் தெரியும், தெரியட்டும், படிக்கட்டில் இறங்குகிறவனும் தன் காலால்தான் இறங்குகிறான். மூன்றாவதற்கு நான் அரையடி முன்னால் நின்றிருந்தால். நின்றிருந்தால் அவன் சுற்றிக்கொண்டு போயிருப்பான். இதை நான் இதுவரை யோசித்ததில்லை. பன்னிரண்டு வருடமாக அரையடியை மட்டும் யோசித்தேன், அவனுக்கும் கால் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. முன்னால் நின்றிருந்தாலும் போட்டிருப்பான். அல்லது போட்டிருக்கமாட்டான். நான் நின்ற இடத்தில் நான் நின்றேன். அவ்வளவுதான், அந்தக் கோலை என்னிடம் திரும்பத் திரும்ப விற்கவரும் எனக்கு நானே இனிக் கதவைச் சாத்திவிடுகிறேன்.

பதினொன்று ஒன்பது. மக்ஃபீ தளத்தின் நடுவில் முதுகைக் காட்டியபடி இருவருக்கு ஏதோ கையால் வரைந்து காட்டுகிறார். விசில் ஊதினார், கடைசிப் பயிற்சி முடிந்தது, ஆட்டக்காரர்கள் நடுவட்டத்தில் மெல்லச் சுற்றுகிறார்கள். யூஹோ வெளியேறப்போகிறான். அவன் வெளியேறுவது ஒரு சடங்கு. வலையின் மேலிருந்த போத்தலை எடுப்பான், ஒரு மிடறு குடிப்பான், ஒரு மிடறு மேலே பீய்ச்சுவான், இடது கம்பியைத் தொடுவான், வலது கம்பியைத் தொடுவான், முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றுவான், பிறகுதான் நகர்வான். நாற்பது நொடி. நான் எண்ணியிருக்கிறேன், ஐம்பத்தொரு நாளாக வேறு என்ன வேலை. வாசல் என் முனைப் பக்கம் இருக்கிறது. நான் நின்றால் தெரிவாகாத இரண்டு பேர் ஒரு வாளி பக்கோடு இங்கே வருவார்கள், இருபது நிமிடம் அடிப்பார்கள், பிறகு நான் உள்ளே போவேன், தாள், பேனை, பன்னிரண்டு மணி, கோட்டு. கோட்டு நன்றாக இருக்கும். நான் நல்ல கோச்சாகவும் இருப்பேன், அதுதான் இதில் அருவருப்பான பகுதி, எனக்குச் சொல்லிக்கொடுக்க வரும், இந்த வாய் அதற்கென்றே வைத்திருப்பது. அறுபது வயதில் செய்கிறேன். ஐம்பதில் செய்கிறேன். காதைக் கிள்ளிக்கூடச் செய்கிறேன். யூஹோ போத்தலை எடுத்துவிட்டான். ஒரு மிடறு. இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறது. மேலே பீய்ச்சினான். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. யாரும் யாருக்கும் ஒருநாளும் சொல்வதில்லை. இடது கம்பி. நான் என் முனையைப் பிரிக்கும் நீலக்கோட்டைத் தாண்டிவிட்டேன்.

இருபது நீண்ட தள்ளல், வாசலுக்கு. கால்கள் தங்கள்பாட்டில் போகின்றன, பனி சரக் சரக்கென்கிறது, அது மட்டும்தான் கேட்கிறது. வாசலருகே கோர்டி குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்தான். கோல்கீப்பரின் கவசம் போட்ட கால் ஒன்று வாசலைத் தாண்டப்போவது அவன் கண்ணில் பட்டது, யாருடைய கால் என்று பார்ப்பதற்குமுன் அவன் கை வேலை செய்துவிட்டது. மட்டையால் என் கால் கவசத்தில் இரண்டு தட்டு, இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இது இந்த அணியின் வழக்கம், அன்றிரவு நிற்கிறவன் வெளியேறும்போது ஆட்டக்காரர்கள் அவன் காலில் தட்டுவார்கள், தட்டியபின் அதைத் திரும்ப எடுக்க முடியாது, அப்படித் திரும்ப எடுத்த ஒரு வருடம் தொடர்ச்சியாகப் பதினோரு ஆட்டம் தோற்றார்கள் என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள், எந்த வருடம் என்றுதான் யாருக்கும் தெரியாது. கோர்டி தட்டியபின் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பல்லில்லாத வாய் திறந்து அப்படியே நின்றது. ஆனால் அவனுக்குப் பின்னால் வந்தவன் தலைவன் தட்டியதைப் பார்த்துத் தட்டினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் அதைப் பார்த்து. வரிசை, ஒவ்வொருவனாக, இரண்டிரண்டு தட்டு, யோசனையில்லாமல், நேர்த்தியாக, பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை சொல்வதுபோல. கண்ணாடிக்கு அப்பால் மாரா தொலைபேசியை எடுத்துவிட்டாள். மறுமுனையில் யூஹோ வலது கம்பியில் கைவைத்தபடி நிற்கிறான்.

அவன் பறந்து வந்தான், நான் ரப்பர் பாயில் கால் வைத்தபோது எட்டிவிட்டான். “அண்ணை?” ஓம் என்றேன். “கோச் சொன்னவரோ?” வெளியே போ என்று கோச் ஒருநாளும் சொல்லுவதில்லை என்றேன். இதில் ஒரு பொய்யும் இல்லை, வேண்டுமானால் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். அவன் என் கால் கவசத்தையும் வரிசையையும் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வருமென்று காத்திருந்தேன், வந்தது, நல்ல சிவப்பாக வந்தது, எனக்கு அவன்மீது மதிப்புக் கூடியது. “என்ர இடம் அது.” “தெரியும். வந்து எடு. நான் தர மாட்டன், அவ்வளவுதான்.” பிறகு இரண்டு பேர் வாளியோடு தளத்தில் காத்திருப்பதைப் பார்த்தான், யாராவது நிற்க வேண்டும், அவன் திரும்பிப் போனான், போகும்போது மட்டையால் சுவரில் ஒரு அடி, அரங்கமே அதிர்ந்தது. உள்ளே என் இடத்தில் உட்கார்ந்தேன். தாள் அங்கே இருந்தது. பேனையும். முகக்கவசத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தேன், தண்ணீர் சொட்டி முதல் வரி கரைந்தது, அது திட்டமிட்டதல்ல, ஆனால் நான் நகர்த்தவுமில்லை.

மக்ஃபீ வந்தார், முகம் இன்னும் சிரிக்கவில்லை. பதினெட்டுப் பேர் தங்கள் காலணிக் கயிறுகளைப் பெரும் ஆராய்ச்சியோடு பார்த்தார்கள். “ஆர் ஐசே உம்மை வெளிய வரச் சொன்னது?” “ஒருத்தரும் சொல்லேல்ல. அதுதானே முறை.” “விசர்க்கதை கதையாதையும். திரும்பிப் போம். யூஹோ உள்ள வரட்டும்.” நான் எழும்பவில்லை. கால்கள் எழும்பினால் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். “போகமாட்டன், கோச். வெட்டுறதெண்டா வெட்டுங்கோ. ஆனா நான் என்னை வெட்டுறதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்.” “வெட்டத்தான் போறன்,” என்றார், கையைத் தாளுக்கு நீட்டினார். “கோச்,” என்றான் கோர்டி. “தட்டியாச்சு.” “என்ன?” “தட்டிப்போட்டம்.” “ஆர்?” “எல்லாரும்.” மக்ஃபீ சுற்றிப் பார்த்தார். பதினெட்டுத் தலை ஒன்றும் நிமிரவில்லை. “நீயுமோ?” “நான்தான் முதல். கால் மட்டும்தான் தெரிஞ்சது.” மக்ஃபீ உட்கார்ந்தார், பக்கத்திலிருந்த யாரோ ஒருவனின் இடத்தில், அவனுடைய ஈரத் துவாய்க்கு மேல். ஒன்பது வெற்றிக்கு ஒரே கழுத்துப்பட்டியைத் துவைக்காமல் கட்டுகிற மனிதர் அவர், மேலதிகாரிகளோடு வாதாடுவார், நடுவர்களோடு வாதாடுவார், இதனோடு வாதாடுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “மேலயிருந்து ரெலிபோன் எடுப்பாங்கள். நான் என்ன சொல்லுறது?” “தட்டிட்டாங்கள் எண்டு சொல்லுங்கோ,” என்றான் கோர்டி. “அவங்கள் விளையாடின ஆக்களில்லை. விளங்காது.” “அப்ப இடுப்பு நல்லாயிருக்கு எண்டு சொல்லுங்கோ,” என்றேன். “நல்லாயிருக்கோ?” “இல்லை.” அப்போதுதான் சிரித்தார், மூக்கால், விருப்பமில்லாமல். முகக்கவசத்தைத் தூக்கி ஈரத் தாளை எடுத்து நாலாக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தார், பேனையையும் மறக்கவில்லை. “இரவைக்கு நாலு கோல் விட்டீரெண்டா விடிய நானே கொண்டு வருவன்.” “விடிய எங்கட பயிற்சி பத்தரைக்கு, கோச். அதுக்குப் பிறகு வாங்கோ.” போய்விட்டார். பட்டியலை அனுப்ப.

பதினொன்றரைக்கு எதிரணி தங்கள் காலைப் பயிற்சிக்குத் தளத்தில் இறங்கியது. அவர்கள் மாராவின் வானொலியைக் கேட்டுக்கொண்டுதான் உடை மாற்றியிருக்கிறார்கள். அவர்களுடைய கோச் பக்குகளையெல்லாம் வலப்பக்கம் ஒரு குவியலாகக் கொட்டச் சொன்னார், பிறகு ஒவ்வொருவரையும் அங்கிருந்து கோல்கீப்பரின் இடது தோளுக்கு மேலே, நான் விழுந்தால் ஜன்னல் திறக்கிற இடத்தில், அடித்துப் பழகச் சொன்னார். பன்னிரண்டு மணிவரை அதையே அடித்தார்கள்.